நந்தியாவட்டை வேலியில் புழு



நந்தியாவட்டை வேலியைப் புழு மொட்டையடித்துவிட்டது, வீட்டுக்காரம்மா உடனே மருந்தடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மருந்துக்கடைக்குப் போகும் முன் ஒருமுறை வேலியடிக்குப் போ.

தரையில் மிளகைவிடப் பருமனாக, வரிவரியாகப் பள்ளம் விழுந்த கரும்பச்சை உருண்டைகள் கிடக்கும். புழுவின் எச்சம் அது. அதற்கு நேர்மேலே உள்ள கிளையைப் பொறுமையாகப் பார். இலையின் நிறத்திலேயே, விரல் நீளத்துக்கு, வாலில் சின்னக் கொம்போடு ஒன்று காம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுக்கும். கழுத்தருகே நீலக் கண்களைப் போல இரண்டு புள்ளிகள் விரியும். பயப்படாதே, கடிக்காது, அந்தக் கொம்பும் குத்தாது. அரளி, நித்தியகல்யாணி என்று பால் வடிகிற செடிகளைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு அது.

பெரிய புழுவுக்குக் கைதான் மருந்து. பொறுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் போடு. முதுகில் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கிற புழுவை மட்டும் எடுக்காதே. அந்தக் கூடுகளிலிருந்து வரும் குட்டிக் குளவிகள் உனக்காக வேலை செய்பவை.

குஞ்சுப் புழுக்களுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவை. காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சேர். அன்று மாலையே இலையின் அடிப்புறம் நனையும்படி அடி. புழு உடனே சாகாது, தின்பதைக் குறைக்கும். அதை வீட்டுக்காரம்மாவிடம் முன்பே சொல்லிவிடு. அதற்கும் அடங்காவிட்டால் பி.டி. பாக்டீரியா மருந்து இருக்கிறது. இலையோடு தின்றால்தான் அது வேலை செய்யும், வெயிலில் வீரியம் போய்விடும். ஆகவே அதையும் மாலையில்தான் அடிக்க வேண்டும். ஆனால் அதற்கு நல்ல புழு, கெட்ட புழு தெரியாது. பக்கத்துக் கறிவேப்பிலையில் வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் கொல்லும். வேலியில் இந்தப் புழு இருக்கும் செடியில் மட்டும் அடி.

முற்றிய புழு பழுப்பாக மாறிச் சருகுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். சருகைக் கிளறினால் மைனா வந்து பார்த்துக்கொள்ளும். 

தோட்டத் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு வேலிக்குக் கடுமையான மருந்தடித்தேன். புழு எல்லாம் உதிர்ந்தது. இரண்டு நாள் கழித்து, அதே வேலியில் இலையைச் சுருட்டித் தைத்த தையல்சிட்டுக் கூட்டில் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. அந்தப் புழுவைத்தான் தாய் ஊட்டியிருக்கும். அந்தக் கூடு இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வேர் நன்றாக இருந்தால் நந்தியாவட்டை சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். அதுவரை பொறுக்கச் சொல்லி அந்த அம்மாவிடம் பேசு, தம்பி.