நசுக்கினால் வலுக்கும் உலோகம்

பழவேற்காட்டிலிருந்து எழுதியிருந்த நண்பருக்கு,

முகத்துவாரத்து மணல்திட்டில் தட்டித் தட்டிப் படகின் புரொப்பல்லர் இதழ் முறிகிறது, உலோகத்தை நசுக்கியே வலுவாக்குகிறார்களாமே, அது எங்களுக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு உதவும். அந்த அளவு எவ்வளவு என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முறிந்த இதழின் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கற்கண்டை உடைத்த இடம் போலச் சொரசொரவென்று மினுங்கும். உருக்கி வார்த்த உலோகம் ஆறும்போது படிகமணிகளாகத்தான் கெட்டிப்படுகிறது. மெதுவாக ஆறினால் மணி பெரிதாகும். உலோகம் வளைய வேண்டுமென்றால் மணிக்குள் உள்ள அணு அடுக்குகள் வழுக்க வேண்டும். அந்த வழுக்கல் மணியின் எல்லையில் முட்டி நின்றுவிடும். ஆக, மணி சிறிதானால் தடைகள் அதிகம். ஹால் என்ற ஆய்வாளர் 1951-இலும் பெட்ச் என்பவர் 1953-இலும் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார்கள்: மணியின் குறுக்களவு நூறில் ஒரு பங்கானால், எல்லைகளால் கிடைக்கும் வலிமை பத்து மடங்காகும்.

கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் விறைப்பதும், விடாமல் மடக்கினால் பட்டென்று முறிவதும் உங்களுக்குத் தெரிந்ததே. மணியைப் பொடிக்க, முறியாமல் மேலும் மேலும் நசுக்குவதுதான் வித்தை. 1970களில் மின்ஸ்க் நகரில் விளாதிமிர் செகல் அதற்கு ஒரு வழி கண்டார். கெட்டியான எஃகு அச்சுக்குள் ‘ட’ போல மடங்கும் ஒரு துளை. உலோகத் தண்டை அதில் அழுத்தித் தள்ளினால், மூலை திரும்பும் இடத்தில் தண்டு உள்ளுக்குள்ளேயே கடுமையாகச் சரிகிறது. சுற்றிலும் அச்சு இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிசல் எளிதில் விழாது. வெளியே வரும் தண்டின் கனமும் மாறாது; எனவே திரும்பத் திரும்ப அதே துளையில் விடலாம். சில தடவை போய்வந்தால், பத்துக்கணக்கான மைக்ரான் இருந்த மணி ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். ரஷ்யாவின் உஃபா நகரில் ருஸ்லான் வாலியெவ் இதை வளர்த்தெடுத்தார். பல் பதியத்துக்கான டைட்டானியம் வரை அது போயிருக்கிறது.

ஆனால் அங்கே கிடைப்பது தண்டு, அதுவும் பெரும்பாலும் குட்டைத் தண்டு. முறுக்கிய இதழ்கள் கொண்ட புரொப்பல்லர் அந்த மூலையைத் திரும்பி வராது.

உங்களுக்குப் பக்கத்தில் வருவது வேறொரு முறை. 1991-இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் உராய்வுக் கலக்குப் பற்றவைப்பு பிறந்தது. சுழலும் முளை ஒன்றை உலோகத்தில் அழுத்தி நகர்த்துவார்கள். உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமல் இளகிக் கலங்கும். இணைப்பதை விட்டுவிட்டு, மேற்பரப்பை மட்டும் இப்படிக் கலக்கினால் என்ன என்று ஆய்வாளர் ராஜீவ் மிஸ்ராவின் குழு செய்து பார்த்தது. வார்ப்பின் முரட்டு மணிகள் பொடிந்தன, உள்ளிருந்த நுண்துளைகளும் மூடிக்கொண்டன. கப்பல் புரொப்பல்லருக்கான நிக்கல்-அலுமினிய வெண்கலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வாளர்களே இதைச் சோதித்தார்கள். தேவையான இடத்தை மட்டும் வலுவாக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த அம்சம்.

வலுவாக்கிய பிறகு சூடு மட்டும் ஆகாது. நசுக்கிப் பொடித்த மணி சூடு கண்டால் மறுபடி வளர்ந்துவிடும். அப்படியிருக்க, இதழ் விண்டதும் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்தால், வைத்த இடத்தில் அத்தனை பாடும் வீண்.

என் கருத்தைக் கேட்டால், சிறு படகுக்கு இந்தச் செலவு இன்று கட்டுப்படியாகாது. எவ்வளவு வலுவான இதழையும் மணல் தேய்த்துக்கொண்டேதான் இருக்கும். ஊர்க்கூட்டத்தில் கேட்க வேண்டியது புது உலோகத்தை அல்ல, மூடிக்கொள்ளாத முகத்துவாரத்தை. அதை விடாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்