புல்லுக்குள் பூஞ்சை, பூஞ்சைக்குள் வைரஸ்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம். கரும்பலகையில் பூஞ்சை, வைரஸ் இரண்டுக்கும் எதிரே ‘நோய்’ என்று மட்டும் எழுதிவிட்டேன். வழக்கம்தான்!

அடுத்த வகுப்பில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவைப் பற்றிச் சொன்னேன். அங்கே வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதன் திசுக்களுக்குள் கர்வுலேரியா என்ற பூஞ்சை வாழ்கிறது. தனித்தனியே இருந்தால் இரண்டுமே 38 டிகிரி செல்சியசுக்கு மேல் வளர்வதில்லை. சேர்ந்திருந்தபோது, நாள்தோறும் சில மணி நேரம் 65 டிகிரிக்குச் சூடாக்கிய மண்ணிலும் புல் பிழைத்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருப்பது 2007இல் வெளியானது. வைரஸை நீக்கிய பூஞ்சையால் புல்லைக் காக்க முடியவில்லை. மீண்டும் சேர்த்ததும் காத்தது.

“அப்போ நீங்க எழுதிப்போட்டது தப்பா சார்?” என்றாள் ஒரு மாணவி.

“பாதி தப்பும்மா” என்று சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன்.