பிளாக்செயினில் ஏறும் பட்டச் சுருள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2018 நவம்பரில் மலேசியக் கல்வி அமைச்சு, போலிப் பட்டங்களைத் தடுக்க இ-ஸ்க்ரோல் திட்டத்தை அறிமுகம் செய்தது. சான்றிதழின் பதிவு நெம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகளில் சேமிக்கப்படும் பதிவேட்டுச் சங்கிலி) ஏறும்; க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரியும். அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் முதலில் களமிறங்கியது. பட்டத்தை ஏற்றலாம் என்றால் உயில், நிலப்பட்டா, கோயில் கணக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்ற கேள்வி பினாங்கின் பாகான் டாலாமிலும் எழலாம். ஏற்றும் முன் சில நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: பிளாக்செயின் காசு அனுப்ப மட்டும்தான்.

உண்மை: பிட்காயின் சங்கிலியின் முதல் பிளாக்கிலேயே 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட லண்டன் நாளிதழின் தலைப்புச் செய்தி ஒன்று பொதிந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் பீக்கிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர், பாலியல் வன்கொடுமைப் புகார் தொடர்பாக எழுதிய திறந்த மடல் சீனச் சமூக ஊடகங்களிலிருந்து நீக்கப்பட்டது. யாரோ ஒருவர் அதை எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பரிவர்த்தனை ஒன்றின் குறிப்பாக ஏற்றினார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

நம்பிக்கை: முழு ஆவணமும் சங்கிலிக்குள் பத்திரமாக இருக்கும்.

உண்மை: பிட்காயினில் இதர தரவுக்கென உள்ள இடத்தின் பெயர் ஓபி ரிட்டர்ன். 2014இல் பிட்காயின் கோர் மென்பொருள் அதற்கு 40 பைட் அளவு வைத்தது. பிறகு 80 ஆனது. யூனிகோடில் ‘பாகான் டாலாம்’ என்று ஒருமுறை எழுதவே 37 பைட் வேண்டும். அதனால்தான் ஆவணத்தை விட்டுவிட்டு அதன் ஹாஷை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியை, மட்டும் ஏற்றுகிறார்கள். எஸ்எச்ஏ-256 முறையில், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஹாஷ் 32 பைட்தான். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். ஆனால் ஹாஷிலிருந்து ஆவணத்தை மீட்க முடியாது. அசலைத் தொலைத்தால் தொலைத்ததுதான்.

2023இல் வந்த ஆர்டினல்ஸ் முறையில் படங்களையே ஏற்றுகிறார்கள். 2025 அக்டோபரில் பிட்காயின் கோர் ஓபி ரிட்டர்னுக்கான தன் இயல்பு வரம்பை 1,00,000 பைட்டாக உயர்த்தியது. இடம் பெருகினாலும் பைட்டுக்குப் பைட் கட்டணம் உண்டு.

நம்பிக்கை: சங்கிலியில் இருந்தால் அது உண்மை.

உண்மை: இந்தக் கோப்பு இந்த நாளுக்கு முன்பே இருந்தது, அதன்பின் மாறவில்லை. சங்கிலி சொல்வது இவ்வளவுதான். பொய்யை ஏற்றினால் பொய் மாறாமல் இருக்கும். இ-ஸ்க்ரோலுக்கு மதிப்பு தருவது அதை ஏற்றிய பல்கலைக்கழகம். யார் ஏற்றினார் என்று தெரியாத ஹாஷ், கோப்பில் இருப்பது உண்மை என்று நிரூபிக்காது.

நம்பிக்கை: ஹாஷ் போட்டால் ரகசியம் வெளியே போகாது.

உண்மை: ஊகிக்க முடியாத கோப்புக்கு இது பொருந்தும், ஐசி எண்ணுக்குப் பொருந்தாது. மைகார்டு அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்குப் பெரும்பாலும் 07), கடைசி நான்கு வரிசை எண். ஒருவரின் பிறந்த நாளும் பிறந்த இடத்தின் எண்ணும் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 10,000 வாய்ப்புகள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை என்பதால் அதுவும் 5,000 ஆகிவிடும். சாதாரண மடிக்கணினி கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஹாஷ் எடுக்கும் முன், ரகசியமான நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றைக் கலந்தால்தான் பாதுகாப்பு.

நம்பிக்கை: வேண்டாதது ஏறினால் நீக்கிவிடலாம்.

உண்மை: பொதுச் சங்கிலியில் நீக்கும் பொத்தான் இல்லை. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 2018இல் பிட்காயின் சங்கிலியில் ஏறத்தாழ 1,600 கோப்புகளைக் கண்டனர். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களுக்கான இணைப்புகளும் அவற்றில் இருந்தன. முழுச் சங்கிலியையும் சேமிக்கும் ஒவ்வொருவரின் கணினியிலும் அவை இருக்கும். குளுப்டீபா என்ற தீநிரலின் கும்பல், தன் கட்டளைச் சர்வர்களின் முகவரியைப் பிட்காயின் பரிவர்த்தனைகளில் மறைகுறியாக்கி வைத்தது. ஒரு சர்வரை முடக்கினால், தொற்றிய கணினிகள் புதிய முகவரியைச் சங்கிலியிலிருந்து படித்துக்கொள்ளும். 2021 டிசம்பரில் கூகுள் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. சங்கிலியில் எழுதியதை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை.

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகத் திரட்டிய தரவைத் தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. அழிக்கவே முடியாத இடத்தில் வாடிக்கையாளர் விவரத்தை எழுதும் நிறுவனம் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றும்?

எனவே பெயர், ஐசி எண், மருத்துவக் குறிப்பு எதுவும் பொதுச் சங்கிலியில் ஏற வேண்டாம். ஆவணத்தின் அசலை இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு ஹாஷை மட்டும் ஏற்றுங்கள். முழு ஆவணத்தையும் ஏற்றித் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவரிடம், பிழை இருந்தால் யார் எப்படித் திருத்துவார் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.