திட்டக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம்?

ஒரு திட்டத்தைச் செயல்படுத்தும் குழுவுக்கு அதிகாரம் கொடுப்பது என்றால், எந்த முடிவை யார் எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுப்பது. மேலாளரின் முழுக் கட்டுப்பாட்டுக்கும் குழுவின் சுதந்திரத்துக்கும் இடையே ஏழு படிகள் உண்டு என்று மேலாண்மை அறிஞர்களான ராபர்ட் டானன்பாம், வாரன் ஷ்மிட் இருவரும் 1958-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் விளக்கினார்கள். நடைமுறைக்கு அவற்றை நான்காகச் சுருக்கிக்கொள்ளலாம்.

1. பொறுப்பாளரே முடிவெடுப்பது

உயிருக்கு ஆபத்தான, சட்டத்தோடு தொடர்புடைய, பின்னர் திருத்த முடியாத முடிவுகளுக்கு இதுவே பொருந்தும். கட்டடத் தூணில் கம்பியின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் யாரும் மாற்றக் கூடாது.

2. கலந்து பேசி மேலாளர் முடிவெடுப்பது

வேலை அட்டவணை போல, பல பிரிவுகளைத் தொடும் விஷயங்களுக்கு இது ஏற்றது. கருத்தைக் கேட்ட பிறகு அதை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

3. வரம்புக்குள் குழுவே முடிவெடுப்பது

தகவல் களத்தில் இருக்கும்போது, தாமதம் நஷ்டமாகும்போது இதுவே சிறந்தது. தளம் போடும் நாளில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது. கலவையின் தளர்வை அளக்கும் ஸ்லம்ப் சோதனையில் அது அளவுக்கு மீறித் தளர்ந்து சரிகிறது. அந்த லாரியைத் திருப்பி அனுப்பும் உரிமை சைட் இன்ஜினியரிடமே இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தால், தரமற்ற கலவையையே கொட்டிவிடும் நெருக்கடி வரும். டொயோட்டா ஆலைகளின் ஆண்டான் முறையும் இத்தகையதே. குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசை நின்றுவிடும்.

4. குழு தன்னைத் தானே நிர்வகிப்பது

யார், எதை, எப்போது, எப்படிச் செய்வது என்பதைக் குழுவே தீர்மானிக்கும். மென்பொருள் துறையின் ஸ்க்ரம் முறைக்கான 2020 வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது. ஆனாலும் பணிகளின் முன்னுரிமைப் பட்டியலுக்கு ‘புராடக்ட் ஓனர்’ ஒருவரே பொறுப்பு. அனுபவமும் ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கையும் உள்ள குழுவுக்கே இது ஒத்துவரும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரேயடியாக ஒப்படைத்தால் அவர்கள் தடுமாறுவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே குழுவுக்கு எல்லாவற்றிலும் ஒரே படியை விதிப்பது தவறு. ஒவ்வொரு வகை முடிவுக்கும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்:

• தவறினால் திருத்த முடியுமா? முடியாதென்றால் முதல் படி; முடிந்தாலும் பல பிரிவுகளைப் பாதிக்குமென்றால் இரண்டாம் படி.
• விஷயம் தெரிந்தவர் யார்? களத்தில் இருப்பவர் என்றால் மூன்றாம் படி.
• குழு இத்தகைய வேலையை முன்பு முடித்திருக்கிறதா? ஆம் என்றால் நான்காம் படியை நோக்கி நகரலாம்.

எந்தப் படியானாலும், செலவு செய்யக்கூடிய தொகையின் வரம்பும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய சூழ்நிலைகளும் எழுத்தில் இருக்க வேண்டும். வரவுசெலவு, ஒப்பந்த விவரங்கள் குழுவின் கைக்குக் கிடைக்க வேண்டும். வரம்புக்குள் நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பிசகினால், பழியை ஊழியர்மீது சுமத்தாமல் மேலாளர் உடன் நிற்க வேண்டும். இவை இல்லாமல் கொடுக்கும் அதிகாரம் ஊழியருக்குக் கூடுதல் சுமையே.