அந்தலூஸில் இன்னும் மிஞ்சி நிற்பவை



ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்துக்கு அந்தலூஸியா என்று பெயர். அந்தலூஸ் என்று நம் கிதாபுகள் கூறும் பழைய பெயரே அதில் தங்கியிருக்கிறது. ஹிஜ்ரி 92-ல், அதாவது கி.பி. 711-ல், தாரிக் இப்னு ஸியாத் கடல் தாண்டி அங்கே இறங்கினார். 1492-ல் கிரானடா கைமாறியது. இடைப்பட்ட 781 ஆண்டுகளும் அந்த மண்ணின் ஏதேனும் ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது.

இன்று நம்மவர்களில் வசதியுள்ளவர்கள் அங்கே சுற்றுப் பிரயாணம் போகிறார்கள். கார்டோவாப் பள்ளியின் தூண்களையும் அல்ஹம்ராவின் சுவர்களையும் படமெடுத்துக்கொண்டு, "எல்லாம் போயிற்றே" என்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறார்கள். பெருமூச்சில் குற்றமில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிப் பாடம் படிக்காமலே போகும். ஆட்சி போன பிறகும் எது போகவில்லை என்று பார்ப்பதுதான் வியாபாரிகளாகிய நமக்கு உரிய பாடம். அதைப் படிக்க அரண்மனைக்குப் போனால் போதாது; சந்தைக்கும் தெருவுக்கும் வயலுக்கும் போகவேண்டும்.

சந்தையும் கிட்டங்கியும்

முதலில் மாலகா நகரம். இது நம் மலாக்கா அல்ல. ஸ்பெயினின் தென்கரைத் துறைமுகம். அங்குள்ள பெரிய சந்தைக்கு அத்தராஸானாஸ் என்று பெயர். தொழிற்கூடம் என்று பொருள்படும் 'தாருஸ் ஸினாஆ' என்ற அரபுச் சொல்தான் அப்படித் திரிந்தது. கிரானடா சுல்தான்களின் காலத்தில் அது கப்பல் கட்டும் இடம். 19-ம் நூற்றாண்டில் அங்கே இரும்புக் கூரையிட்டுச் சந்தை எழுப்பியவர்கள், பழைய பளிங்கு வாசலை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். "வலா காலிப இல்லல்லாஹ்", அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்ற அந்தச் சுல்தான்களின் வாசகம் அதன்மேல் பொறித்திருக்கிறது. மீனும் காய்கறியும் வாங்க வரும் ஊர் ஜனங்கள் தினமும் அதன் கீழேதான் நுழைகிறார்கள்.

கிரானடாவில் 14-ம் நூற்றாண்டின் வியாபாரிகள் விடுதி ஒன்று பழுதின்றி நிற்கிறது. அரபியில் ஃபுந்துக் என்பார்கள். நடுவில் முற்றம், தண்ணீர்த் தொட்டி. கீழே சரக்கு அறைகள், மேலே வியாபாரிகள் தங்கும் அறைகள். நம் முன்னோர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அறிந்த கிட்டங்கியை நினைத்துக்கொண்டால் வேறு விளக்கம் வேண்டாம். பிற்காலத்தில் அங்கே கரி நிறுத்து விற்றதால் இன்று அதற்குக் 'கரி முற்றம்' என்ற பொருளில் பெயர் வழங்குகிறது. அருகிலேயே பட்டுக்கடைத் தெரு. பழைய தெரு 1843-ல் தீக்கிரையானது. இப்போது இருப்பது பிறகு கட்டியது.

வாயிலே தங்கிய சொற்கள்

ஸ்பானியர் கடையில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். எண்ணெய் 'அஸெய்தே', அரபியில் அஸ்ஸைத். அரிசி 'அர்ரோஸ்', அரபியில் அர்ருஸ். சீனி 'அஸூகார்', அரபியில் அஸ்ஸுக்கர். பண்டகசாலை 'அல்மஸேன்', அது அல்மக்ஸன். சுங்கச் சாவடி 'அதுவானா', அது தீவான். ஆரஞ்சுக்கு 'நரான்ஹா' என்கிறார்கள். அரபியில் நாரஞ்ச். அதன் வேரைத் தேடிப் போனால் நம் நாரத்தையின் பக்கம் வந்து சேரும் என்கிறார்கள் மொழி அறிந்தவர்கள். 'நடக்கவேண்டுமே' என்று ஆசைப்படும்போது 'ஓஹலா' என்கிறார்கள். அல்லாஹ் நாடினால் என்ற பேச்சின் மிச்சம் அது.

நிறைக்கும் ஒரு சொல் உண்டு. 'அர்ரோபா' என்பது கால் பங்கு எனப் பொருள்படும் அர்ருபுஉ. ஏறத்தாழ 11½ கிலோ கொண்ட பழைய நிறை. இன்று மின்னஞ்சல் முகவரியின் நடுவில் போடும் சுழிக்கும் ஸ்பானிய மொழியில் அதே பெயர்தான். நம் கணக்குப் புத்தகத்திலும் அசல், பாக்கி, வசூல், ஜாமீன் எல்லாம் அரபு வழியில் வந்தவையே. ஆகவே அவர்கள் கடைப்பேச்சு நமக்கு முற்றிலும் அந்நியமல்ல.

தண்ணீர்

கிரானடாவுக்குத் தெற்கே அல்புஹார்ராஸ் என்ற மலைநாடு இருக்கிறது. பனிமலையிலிருந்து உருகி வரும் நீரை வெட்டுவாய்க்கால்களில் கொண்டுவந்து, முறைவைத்து வயல்களுக்கு விடுகிறார்கள். வாய்க்காலுக்குப் பெயர் 'அஸேக்கியா'; அரபியில் அஸ்ஸாக்கியா. முஸ்லிம்கள் காலத்து ஏற்பாடு. இன்றும் பல ஊர்களில் நீர் பாய்கிறது. வெள்ளையடித்த வீடுகளும், அவற்றின் தட்டைக் கூரைகளும் கடல் தாண்டிய மொராக்கோ ஊர்களை நினைவூட்டும்.

போகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கார்டோவாவிலும் செவில்லிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வசந்த காலமே நல்லது. மே மாதத்தில் கார்டோவா ஜனங்கள் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் அலங்கரித்து, வருவோரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அல்ஹம்ராவில் தினமும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு; முன்கூட்டியே சீட்டு வாங்கவேண்டும். சிறு கடைகள் பல பிற்பகல் 2 மணிக்கு அடைத்து 5 மணிக்குத்தான் திறக்கின்றன. முன்னிரவில் பேரன் பேத்திகளோடு குடும்பம் குடும்பமாக வீதியில் உலாவுகிறார்கள்; 9 மணிக்கு மேல்தான் இராச் சாப்பாடு. நாமும் அவர்களோடு மெதுவாக நடந்தால்தான் ஊர் தெரியும்.

சாப்பாட்டில் எச்சரிக்கை வேண்டும். பன்றி இறைச்சியும் மதுவும் எங்கும் உண்டு. கேட்காமலே சூப்பின்மேல் பன்றித் துண்டுகளைத் தூவுவார்கள். 'ஸின் ஹமோன்' என்றால் பன்றித் துண்டு வேண்டாம் என்று அர்த்தம். காலைப் பசியாற, சுட்ட ரொட்டியில் தக்காளியும் ஸைத்தூன் எண்ணெயும் போதும். செவில்லில் கீரையோடு சமைத்த கொண்டைக்கடலை நல்ல பண்டம்.

கார்டோவாப் பள்ளி 1236 முதல் கிறிஸ்தவத் தேவாலயம். அங்கே தொழ அனுமதி இல்லை; காவலரோடு வாதிடுவது நமக்கு அழகல்ல. கிரானடாவில் அல்ஹம்ராவுக்கு எதிர்மேட்டில் 2003-ல் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அங்கே தொழலாம்.

படிப்பினை

நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. கார்டோவாவின் கிலாபத் 1031-ல் முடிந்ததும் நாடு சிறு சிறு ராஜ்யங்களாகப் பிளந்தது. ஒருவரையொருவர் வீழ்த்த அந்நியரின் தயவை நாடினார்கள். கிரானடா போன பத்தே ஆண்டுகளில் அங்கிருந்த முஸ்லிம்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானார்கள். மதம் மாற்றப்பட்டவர்களின் சந்ததியாரையும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தினார்கள்.

அப்படி ஆளையே விரட்டிய தேசம், சந்தை அதிகாரியை விரட்டவில்லை! முஸ்லிம் ஆட்சியில் முஹ்தஸிப் என்ற அதிகாரி தராசையும் படிக்கல்லையும் சோதிப்பார். மாலகாவின் அஸ்ஸகதீ என்பவர் வியாபாரிகள் செய்யும் மோசடிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவ அரசர்கள் வந்த பிறகும் அந்த உத்தியோகம் 'அல்மோத்தஸேன்' என்ற அதே பெயரில் நூற்றாண்டுகள் தொடர்ந்தது. ஏன்? சரியான தராசு எல்லா மதத்தாருக்கும் வேண்டும். வாய்க்காலும் அப்படியே, கிட்டங்கியும் அப்படியே. அயலானுக்குப் பயன்பட்டதை அயலானே காப்பாற்றினான்.

சகோதரர்களே, நாமும் பல இனத்தார் நடுவில் கடை வைத்திருக்கிறோம். நம் பெயர்ப்பலகை எத்தனை காலம் இருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகலாம்; கடை கைமாறலாம். ஆனால் அந்தத் தெருவில் வாங்கிய சீனரும் மலாய்க்காரரும், "அந்தக் கடையில் நிறை சரியாயிருக்கும், சொன்ன சொல் மாறாது" என்று சொல்லும்படி நாம் நடந்துகொண்டால், அது நமக்குப் பின்னும் நிற்கும். நிறுவையில் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்கும் ஒரு தனி ஸூராவே நமக்கு இருக்கும்போது, இதை ஸ்பெயினுக்குப் போய்த்தான் படிக்கவேண்டும் என்பதில்லை. போகிறவர்கள் அதைக் கண்ணாலும் கண்டு வரட்டும்.

நம் தராசையும் நாவையும் நேராக்கி வைக்க அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.