டிராக் பிரம்மாண்டம்... ஷாட்டுக்குப் பொருந்துமா?

டீசர், விளம்பரம், டாக்குமென்டரி என்று எல்லாவற்றுக்கும் தனி இசையமைப்பாளரை வைக்க பட்ஜெட் இருக்காது. அங்கே கைகொடுப்பது புரொடக்‌ஷன் மியூசிக்: முன்கூட்டியே உருவாக்கி, லைசென்ஸுக்குத் தயாராக வைத்திருக்கும் இசை. லண்டனின் டி வுல்ஃப் 1909-லேயே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டது. இன்று லைப்ரரிகளில் டிராக்குகள் குவிந்து கிடக்கின்றன. எடிட்டிங் தெரிந்தவர்களும் ஏராளம். நல்ல டிராக்கை எடுத்து, ‘ஏன் இது?’ என்று விளக்கவும் தெரிந்தவருக்குத்தான் மவுசு.

1. வசனத்தோடு கேளுங்கள். தனியாகக் கேட்டால் எந்த சினிமாட்டிக் டிராக்கும் புல்லரிக்க வைக்கும். டைம்லைனில் போட்டு ஓடவிடுங்கள். பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. வயலின் கூட்டமும் டிரம்பெட்டும் அங்கேயே வந்து மோதும். ‘நான் கிளம்பறேன்ப்பா’ என்று மகள் தாழ்ந்த குரலில் சொல்லும்போது அந்தக் கடைசி ‘ப்பா’ கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் டிராக்கை மாற்றுங்கள்.

2. வேவ்ஃபார்மைப் படியுங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது, எப்படி முடிகிறது? தொடக்கம் முதலே தடித்த பட்டையாக நின்றால், கிளைமாக்ஸுக்கு அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

3. பீட்டைக் கணக்குப் போடுங்கள். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) என்றால் ஒரு பீட் அரை விநாடி. நான்கு பீட் கொண்ட ஒரு பார் 2 விநாடி. 30 விநாடி விளம்பரத்தில் சரியாக 15 பார் அடங்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் 12 ஃப்ரேமுக்கு ஒரு பீட். இந்தக் கணக்கு தெரிந்தால் கட் தானாக வந்து உட்காரும்.

4. ஸ்டெம் கேளுங்கள். டிரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ், கோரஸ் தனித்தனி ஃபைல்களாகக் கிடைத்தால், வசனம் வரும் இடத்தில் டிரம்ஸை மட்டும் நிறுத்தலாம். 60, 30, 15 விநாடி வெர்ஷன்கள் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

5. தேய்ந்த சத்தத்தைத் தவிருங்கள். 2010-இல் ‘இன்செப்ஷன்’ டிரெய்லர் ஒன்றில் ஒலித்த ‘மைண்ட் ஹீஸ்ட்’ ஜாக் ஹெம்சி இசையமைத்தது; படத்துக்கு இசை ஹான்ஸ் ஸிம்மர். அந்தப் படத்தின் டிரெய்லர்களுக்குப் பிறகு, அடிவயிற்றை அதிரவைக்கும் அந்த ‘ப்ராம்’ ஒலியைப் பலரும் காப்பியடித்துத் தேய்த்துவிட்டார்கள். உங்கள் ஷோரீலிலும் அதுவே இருந்தால், கூட்டத்தில் ஒருவராகத்தான் தெரிவீர்கள்.

6. லைசென்ஸை வரி வரியாகப் படியுங்கள். ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. யூடியூபுக்கு மட்டுமா, டிவி, ஓடிடி, தியேட்டருக்கும் செல்லுமா? எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகள்? டிராக் பெயர், இசையமைப்பாளர், பப்ளிஷர், பயன்படுத்திய விநாடிகள் எல்லாவற்றையும் கியூ ஷீட் என்ற இசைப் பட்டியலில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

7. மூன்று ஆப்ஷன் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் சொல்லுங்கள்: ‘இது 22-வது விநாடியில் அமைதியாகிறது, லோகோவுக்கு இடம் விடுகிறது.’ இப்படிப் பேசுபவரை கிளையன்ட் மறக்க மாட்டார்.

ரிலீஸான ராத்திரி யூடியூபின் கன்டென்ட் ஐடியிலிருந்து காப்பிரைட் கிளெய்ம் வந்து விழலாம். எல்லோரும் பதறும்போது ஃபோல்டரைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டுங்கள். அடுத்த புராஜெக்ட்டுக்கு முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.