டேப்பா, ஸ்பேஸா?

புரோகிராம் எழுதும்போது சில வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவோம் இல்லையா, அதுக்குப் பெயர்தான் இன்டென்டேஷன். சி மொழியில் தள்ளாமல் எழுதினாலும் ஓடிவிடும். பைதானில் அது நடக்காது. எந்த வரி எதுக்குள்ளே அடங்கும் என்று சொல்வதே இந்த இடைவெளிதான்.

வரியைத் தள்ள இரண்டு வழி உண்டு. ஸ்பேஸை நாலு தடவை தட்டலாம், அல்லது டேப்பை ஒரு தடவை தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் டேப் என்பது ஃபைலுக்குள் ஒரே ஒரு எழுத்து. அதை எவ்வளவு அகலமாகக் காட்டுவது என்பது எடிட்டரின் இஷ்டம். ஒரு எடிட்டர் 4 இடம் விடும், இன்னொன்று 8 இடம் விடும்.

இதில் என்ன வம்பு என்கிறீர்களா? ஒருத்தர் ஸ்பேஸ் வைத்து எழுதிய மார்க் புரோகிராமில், இன்னொருத்தர் கடைசி வரியை மட்டும் டேப் வைத்துச் சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். (புள்ளி ஸ்பேஸ், அம்பு டேப்.)

ஒவ்வொரு மார்க்காக எடு:
····35-க்குக் கீழேயா?
········பெயில் + 1
→   மொத்தம் + மார்க்

4 இடம் காட்டும் எடிட்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பழைய பைதான் 2 டேப்பை 8 இடமாகக் கணக்கிடும். அதனால் கடைசி வரியும் 'பெயில்' பகுதிக்குள்ளே போய்விடும். பெயிலானவர்கள் மார்க்கை மட்டும் கூட்டி மொத்தம் என்று காட்டும், பிழைச் செய்தியே வராது! 2008-ல் வந்த பைதான் 3 பரவாயில்லை, இப்படிக் கலந்தால் 'டேப் எரர்' என்று சொல்லி ஓடாமல் நின்றுவிடும்.

அப்போ எல்லாரும் ஸ்பேஸே போடலாமே? எனக்கும் அதுதான் பிடிக்கும். பைதானின் எழுத்துமுறைக் குறிப்பான 'பெப் 8'-ம் 4 ஸ்பேஸ்தான் போடச் சொல்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்கள் 8 இட அகல டேப்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். 1976-ல் பிறந்த 'மேக்' கருவியின் ஃபைலிலோ, கட்டளை வரி டேப்பில் ஆரம்பிக்கலேன்னா வேலையே நடக்காது.

அதனால் நல்ல எடிட்டர் ஃபைலைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். 'விம்' எடிட்டரில் டேப் கீ தட்டினால் ஸ்பேஸ் விழணுமா, எத்தனை இடம் தள்ளணும், டேப்பை எவ்வளவு அகலம் காட்டணும் என்று மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். அதுவும் ஃபைல் வகைக்கு ஒன்றாக. வி.எஸ். கோட் ஃபைலைத் திறந்ததும் ஏற்கெனவே உள்ள வரிகளைப் பார்த்துத் தானே ஊகிக்கும். பலர் சேர்ந்து எழுதினால் 'எடிட்டர் கான்ஃபிக்' என்ற சின்ன ஃபைலை ஃபோல்டரில் போட்டுவிடலாம். அதைப் படிக்கத் தெரிந்த எடிட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி நடக்கும்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் வியூ மெனுவுக்குப் போய் ஸ்பேஸ், டேப் குறிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலே நான் போட்ட மாதிரியே புள்ளியும் அம்பும் வரும். எடிட் மெனுவில் டேப்பை ஸ்பேஸாக மாற்றவும் வசதி இருக்கு. மாற்றுகிறதுக்கு முன்னாடி எழுதினவரிடம், "உங்க எடிட்டர்ல டேப் 4-ஆ, 8-ஆ?" என்று கேட்டுக்கோங்க.